டபுள் பேஸிலிருந்து தொடங்குங்கள்: மூவர் குழுவின் ஃப்ரீ ஜாஸ் மேடைப் பதிவைக் கேட்கும் முறை

ஃப்ரீ ஜாஸ் கேட்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சாக்ஸபோனைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள். மனிதக் குரலுக்கு நெருக்கமாக ஒலிப்பதும் முன்னால் நிற்பதும் அதுவே என்பதால் இது இயல்புதான். ஆனால் இரண்டு மூன்று நிமிடங்களில் சாக்ஸபோன் மெட்டை விட்டு விலகிக் கிறீச்சிட ஆரம்பித்ததும் பிடி நழுவிவிடுகிறது; மீதி இருபது நிமிடமும் வெறும் இரைச்சலாகக் கடந்துபோகிறது. நானும் பல பதிவுகளை இப்படித்தான் தவறவிட்டேன். பிறகு அதே பதிவுகளை, ஆளுயர வயலின் போலிருக்கும் கனத்த ஒலித் தந்திக்கருவியான டபுள் பேஸிலிருந்து தொடங்கிக் கேட்டபோது, குழப்பம் என்று நினைத்திருந்த பல இடங்களில் மூன்று பேர் ஒருவர் சொல்வதை மற்றவர் கவனித்துப் பதில் சொல்வது கேட்கத் தொடங்கியது. மூவர் குழுவைப் பழகுவதற்கு ஏற்றதாகச் சொல்வதற்கும் இதுவே காரணம். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் வாசித்தால் காது ஒரு திரளைத்தான் கேட்கும். மூன்று பேர் என்றால், சற்றுப் பொறுமை இருந்தால், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பின்தொடர முடியும்.

கேட்பதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். ஃப்ரீ ஜாஸ் என்பதில் உள்ள சுதந்திரம், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்பதல்ல. வழக்கமான ஜாஸில் ஒரு பாடலுக்குக் குறிப்பிட்ட கார்டு (chord: சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) வரிசை உண்டு. அது இத்தனை அளவைகளில் (தாளச் சுற்றுகளில்) முடிந்து மீண்டும் தொடங்கும் என்ற கணக்கு உண்டு. அடியில் மாறாத ஒரு துடிப்பு உண்டு. ஃப்ரீ ஜாஸ் கலைஞர்கள் இவற்றில் ஒன்றையோ இரண்டையோ, சில வேளைகளில் மூன்றையுமோ கைவிடுகிறார்கள். எதைக் கைவிட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்பது குழுவுக்குக் குழு மாறும். அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதே கேட்பவரின் முதல் வேலை.

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது ஆர்னெட் கோல்மன் மூவர் குழு ஸ்டாக்ஹோமின் 'கோல்டன் சர்க்கிள்' கிளப்பில் 1965 டிசம்பர் 3, 4 தேதிகளில் வாசித்த நிகழ்ச்சிகளின் பதிவு. புளூ நோட் நிறுவனம் இதை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. கோல்மன் ஆல்ட்டோ சாக்ஸபோன், டேவிட் ஐசன்சன் டபுள் பேஸ், சார்ல்ஸ் மாஃபெட் டிரம்ஸ். இந்தக் குழு கார்டு வரிசையைக் கைவிட்டதே தவிர, துடிப்பைப் பெரும்பாலும் கைவிடவில்லை. எனவே புதிதாகக் கேட்பவருக்குக் கால் ஊன்ற ஓர் இடம் இருக்கிறது. முதல் தொகுதியிலிருந்து தொடங்குவது நல்லது. அதுவும் கடினமாகத் தோன்றினால் இன்னும் எட்டு ஆண்டுகள் பின்னால் போய், சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் 1957 நவம்பர் 3 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் பதிவுசெய்த மூவர் இசையை ஒருமுறை கேட்கலாம். அது ஃப்ரீ ஜாஸ் அல்ல. பெரும்பாலும் தெரிந்த பாடல்களையே அவர்கள் வாசிக்கிறார்கள். ஆனால் பியானோ இல்லாத ஒரு குழுவில் கார்டுகளை அடித்துச் சொல்ல ஆள் இல்லாதபோது, சாக்ஸபோனுக்கும் பேஸுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய வெளி திறந்துகொள்கிறது என்பது அதில் தெளிவாகக் கேட்கும். பின்னால் வந்த மூவர் குழுக்கள் பல அந்த வெளியில்தான் குடியேறின.

கேட்கும் சாதன விஷயத்தில் ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் இதைக் கேட்காதீர்கள். டபுள் பேஸின் மிகத் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மற்ற மூன்று தந்திகள் 55, 73, 98 ஹெர்ட்ஸ் அளவில். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் இந்த ஆழத்தைத் தர முடியாது. அது மேல்சுரங்களை மட்டும் தருகிறது, அடிச்சுரத்தைக் காதுதான் ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. சாதாரணப் பாட்டுக்கு அது போதும். டபுள் பேஸ் மூன்றில் ஒரு பங்குப் பேச்சைச் சுமக்கும் இசைக்குப் போதாது. விலை உயர்ந்த சாதனம் தேவையில்லை. காதை மூடி உட்காரும் சாதாரண ஹெட்ஃபோனே போதுமானது. இசைச் செயலியில் பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியையும், ஒரு பாடலின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு குழைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ஒலியளவைச் சாக்ஸபோனின் உச்சத்துக்கு ஏற்ப வைத்துக்கொண்டு பிறகு தொடாமல் இருங்கள், ஏனெனில் மெல்லிய பகுதி வரும்போது கூட்டி, உரத்த பகுதி வரும்போது குறைத்துக்கொண்டே இருந்தால், இசைக்கலைஞர்கள் பாடுபட்டு உண்டாக்கிய ஏற்ற இறக்கத்தை நீங்களே தட்டையாக்கியவர் ஆவீர்கள்.

முதல் முறை கேட்கும்போது எதையும் பின்தொடர வேண்டாம். பாடலின் உருவத்தை மட்டும் கவனியுங்கள். கோல்மன் குழுவின் பாடல்களில் பெரும்பாலும் தொடக்கத்தில் ஒரு மெட்டு வரும். பிறகு, முன்பே எழுதாமல் அந்தக் கணத்திலேயே உருவாக்கும் நீண்ட கற்பனைப் பகுதி. முடிவில் அந்த மெட்டு திரும்பும். மெட்டு எந்த நிமிடத்தில் முடிந்தது, எந்த நிமிடத்தில் திரும்பியது, நடுவில் யார் எப்போது நிறுத்தினார் என்று ஒரு தாளில் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். இது பள்ளிக்கூட வேலை போலத் தோன்றலாம். ஆனால் பன்னிரண்டு நிமிடம் நீளும் ஒரு பாடலில் நான்கைந்து நேரக் குறிப்புகள் கையில் இருந்தால், அடுத்த முறை அது முடிவில்லாத ஒரே ஓட்டமாகத் தோன்றாது.

இரண்டாவது முறை டபுள் பேஸ். இதற்கு நேரம் கொடுங்கள், ஏனெனில் மற்ற இரண்டையும் புரிந்துகொள்ளும் வழி இதில்தான் இருக்கிறது. முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்; டிரம்ஸின் உலோகத் தட்டுகளான சிம்பல்களின் ஒலிப்பரப்புக்கு அடியில் அது மறைந்திருக்கும். சாக்ஸபோன் மூச்சு வாங்கும் ஒவ்வோர் இடைவெளியிலும் அது ஒரு கணம் மேலே தெரியும். அந்தக் கணத்தில் அதைப் பிடித்துக்கொண்டு, சாக்ஸபோன் மீண்டும் வந்த பிறகும் விடாமல் இருக்கப் பழகுங்கள். பத்து விநாடிக்கு ஒருமுறை காது சாக்ஸபோனிடம் ஓடிவிடும். ஓடியதை உணர்ந்ததும் திருப்பி அழைத்து வந்தால் போதும்.

பிடித்த பிறகு கவனிக்க வேண்டியவை பல. விரலால் மீட்டுகிறாரா, வில்லால் இழைக்கிறாரா? மீட்டினால் ஒலிக்குத் தெளிவான தொடக்கம் இருக்கும். அது காலத்தைத் துண்டுபோட்டுக் காட்டும். வில் போட்டால் அந்தத் துண்டுகள் கரைந்து, இசை நகர்வதை விட்டு ஓரிடத்தில் நின்று அகலமாவது போலத் தோன்றும். ஐசன்சன் வில்லைப் பயன்படுத்தும் இடங்களில் அவர் துணைக்கருவிக்காரராக இல்லாமல் இரண்டாவது பாடகராகவே மாறிவிடுகிறார் என்பது என் கருத்து. முதல் தொகுதியில் வரும் மெதுவான பாடலான 'டான்' இந்த வகையில் நிதானமாகக் கேட்கத் தக்கது. அடுத்து, அவர் நடக்கிறாரா, நிற்கிறாரா? ஒரு அடிக்கு ஒரு சுரம் என்று சீராக நடப்பது ஜாஸின் பழைய வழக்கம். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு நிற்பது, சாக்ஸபோனுக்குக் கீழே தரையைப் போட்டுக் கொடுப்பது போன்றது. நடப்பதிலிருந்து நிற்பதற்கு மாறும் கணத்தில் சாக்ஸபோன் என்ன செய்கிறது என்று பாருங்கள். சில வேளைகளில் அது உடனே அந்தச் சுரத்தைச் சுற்றி வரத் தொடங்கும். சில வேளைகளில் வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் போகும். கண்டுகொள்ளாமல் போவதும் ஒரு பதில்தான்.

கார்டு வரிசை இல்லாத இசையில் பேஸ் வாசிப்பவரின் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது. வரிசை இருந்தால் அடுத்து எந்தச் சுரத்தில் இறங்க வேண்டும் என்பது முன்பே தெரியும். இல்லாதபோது, சாக்ஸபோன் இப்போது போய்க்கொண்டிருக்கும் திசையைக் காதால் ஊகித்து, அதன்கீழ் எந்தச் சுரத்தை வைத்தால் அந்தத் திசை அர்த்தம் பெறும் என்பதை அந்தக் கணத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். ஒரே சாக்ஸபோன் சொற்றொடர், கீழே வரும் பேஸ் சுரத்தைப் பொறுத்து ஓய்வாகவும் ஒலிக்கும், தவிப்பாகவும் ஒலிக்கும். இதை ஒருமுறை கேட்டுவிட்டால், அந்தக் கிறீச்சிடல்கள் ஏன் அங்கே வந்தன என்பது பாதி விளங்கிவிடும்.

மூன்றாவது முறை டிரம்ஸ். தாளம் போட்டுப் பழகிய கைக்கு இங்கே கொஞ்சம் ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும். வழக்கமான ஸ்விங் நடையில் ரைடு சிம்பல் துடிப்பைச் சொல்லும், காலால் மிதித்து மூடும் இரட்டைத் தட்டான ஹை-ஹாட் இரண்டாவது நான்காவது அடிகளில் மூடும். மாஃபெட்டிடம் இந்த நடையின் சாயல் இன்னும் இருக்கிறது. அதனால் அவரை எண்ணிக்கொண்டே கேட்க முடியும். 'யூரோப்பியன் எக்கோஸ்' பாடலில் மெட்டு மூன்று மூன்று அடிகளாக வால்ட்ஸ் நடையில் அசைகிறது. அந்த மூன்று எவ்வளவு தூரம் தாங்குகிறது, எந்த இடத்தில் அதை நீங்கள் தொலைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தொலைத்தது உங்கள் குறையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் எல்லா டிரம்ஸ் கலைஞர்களையும் எண்ணிக்கொண்டு கேட்க முடியாது. சாக்ஸபோன் கலைஞர் ஆல்பர்ட் ஐலரின் மூவர் குழுவில் கேரி பீக்காக் டபுள் பேஸும் சன்னி மரே டிரம்ஸும் வாசித்தார்கள். மரே துடிப்பைச் சொல்வதை ஏறக்குறைய நிறுத்திவிட்டவர். அவருடைய சிம்பல்கள் இடையறாத ஓர் அதிர்வாக ஒலிக்கின்றன. நடுநடுவே முரசுகளில் எதிர்பாராத அடிகள் விழுகின்றன. இங்கே அடியைத் தேடினால் தலைவலிதான் மிஞ்சும். அதற்குப் பதிலாக அடர்த்தியைக் கேளுங்கள்: எப்போது சிம்பலின் ஒலி தடிக்கிறது, எப்போது மெலிகிறது, ஒரு அலை எழுந்து அடங்க எவ்வளவு நேரமாகிறது. அந்த அலைகளின் நீளம் சாக்ஸபோன்காரரின் மூச்சின் நீளத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒத்துப்போகும் இடங்களும் உண்டு, மூச்சு முடிந்த பிறகும் அலை தொடர்ந்து அடுத்த மூச்சை இழுத்து வரும் இடங்களும் உண்டு.

இப்போதுதான் சாக்ஸபோன். இதற்குள் மெட்டு உங்கள் காதில் ஓரளவு பதிந்திருக்கும். கற்பனைப் பகுதியில் அதன் துண்டுகள் தலைகாட்டுவதையும், உடைந்து வேறு திசையில் நீள்வதையும் அடையாளம் காண்பது முன்பைவிட எளிதாக இருக்கும். கோல்மன் டெக்ஸாஸின் ஃபோர்ட் வொர்த்தில் புளூஸும் ரிதம் அண்டு புளூஸும் வாசித்து வளர்ந்தவர். மாஃபெட்டும் அதே ஊர்க்காரர். கோல்மனின் சொற்றொடர்கள் எவ்வளவு தொலைவு போனாலும் அவற்றின் முடிவில் புளூஸின் வளைவு கேட்கும். சுரங்களை அவர் சற்று ஏற்றியும் இறக்கியும் வைப்பதைச் சுருதி பிசகியதாக எண்ண வேண்டாம். ஒரே சுரம் துயரமான சொற்றொடரில் ஓரிடத்திலும் மகிழ்ச்சியான சொற்றொடரில் வேறோரிடத்திலும் நிற்பதைக் கவனித்தால், அது தெரிந்தே செய்யப்படுவது என்பது புலப்படும்.

கிறீச்சிடல் பற்றி ஒரு வார்த்தை. சாக்ஸபோனின் ஊதுமுனையில் அதிரும் மெல்லிய நாணல் தகடான ரீடின் மேல் உதட்டின் அழுத்தத்தையும் ஊதும் வேகத்தையும் மாற்றி, கருவியின் வழக்கமான எல்லைக்கு மேலே உள்ள சுரங்களை எழுப்பலாம். விரல்களை வழக்கத்துக்கு மாறாக வைத்து ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுரங்கள் கலந்து உறுமும்படியும் செய்யலாம். இவை நல்ல கட்டுப்பாடு இருந்தால்தான் வாய்க்கும். எனவே அத்தகைய ஒலி வரும்போது, "இது அழகா?" என்று கேட்பதைவிட, "இதற்கு முந்தைய சொற்றொடர் எங்கே நின்றது, இந்த ஒலி அதற்கு என்ன செய்தது?" என்று கேட்பது பயன் தரும். ஐலரிடம் இன்னொன்றும் உண்டு: பெரிய, நடுங்கும் கமகம் போன்ற ஒலி அதிர்வு, குழந்தைப் பாட்டு அல்லது அணிவகுப்பு இசை அளவுக்கு எளிமையான மெட்டுகள். அந்த எளிமைக்கும் அதன்பின் வரும் கொந்தளிப்புக்கும் உள்ள தூரத்தைத்தான் அவர் இசை அளந்து காட்டுகிறது.

கோல்டன் சர்க்கிள் இரண்டாம் தொகுதியின் 'ஸ்னோஃப்ளேக்ஸ் அண்டு சன்ஷைன்' பாடலில் கோல்மன் சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு வயலினையும் டிரம்பெட்டையும் மாறி மாறி எடுக்கிறார். இரண்டையும் அவர் முறையாகக் கற்றவர் போல வாசிப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்பவர்களும் உண்டு. தனி வயலின் வாசிப்பாக எடைபோட்டால் அந்தக் குறை நியாயமானதே. ஆனால் மூவரைக் கேட்கப் பழகுபவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி கிடைப்பது அரிது, ஏனெனில் ஒருவரின் கருவி மாறும் ஒவ்வொரு முறையும் மற்ற இருவரும் எங்கே நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள் என்பதைப் அருகருகே வைத்துக் கேட்க முடிகிறது.

மூன்று கருவிகளையும் தனித்தனியாகக் கேட்ட பிறகு சேர்த்துக் கேளுங்கள். ஒரே ஒரு கேள்வியோடு. இசை மாறும் ஒவ்வோர் இடத்திலும், முதலில் மாறியவர் யார்? வேகம் கூடியது, ஒலி குறைந்தது, ஒருவர் நிறுத்தினார் என்று ஏதோ ஒரு மாற்றம் நடந்ததை உணர்ந்ததும் முப்பது விநாடி பின்னால் போய் மீண்டும் கேளுங்கள். பலமுறை சாக்ஸபோன்தான் வழிநடத்தியது என்று நினைத்திருப்போம்; திரும்பக் கேட்டால், அதற்குச் சில விநாடிகள் முன்பே டிரம்ஸில் ஒரு சிம்பல் நின்றுபோயிருக்கும், அல்லது பேஸ் ஒரு ஸ்தாயி மேலே ஏறியிருக்கும். ஒருவர் முற்றிலும் நிறுத்தும்போது மூவர் இருவராகிறார்கள். அந்த இடங்களைத் தவறவிட வேண்டாம். சாக்ஸபோனும் பேஸும், பேஸும் டிரம்ஸும், சாக்ஸபோனும் டிரம்ஸும் என்று மூன்று இணைகள் உண்டு. எந்தக் குழுவிலும் இந்த மூன்றில் ஒன்று மற்றவற்றைவிட நெருக்கமாக இருக்கும்.

இது மேடைப் பதிவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மைக் கலைஞர்களின் ஒலியோடு அறையையும் பதிவுசெய்கிறது: கண்ணாடிக் கோப்பையின் ஒலி, இருமல், எதிர்பாராத இடத்தில் எழும் கைதட்டல். இவற்றை இடையூறாக எண்ணாமல் அறையின் அளவையும் அவையோரின் கவனத்தையும் காட்டும் தடயங்களாகக் கேட்கலாம். பேச்சொலி ஓர் இடத்தில் அடங்கிப்போனால், அங்கே ஏதோ நடக்கிறது என்று பொருள். ஆனால் மேடைப் பதிவுகளில் ஒலிச் சமநிலை பெரும்பாலும் சரியாக இருக்காது. குறிப்பாக டபுள் பேஸ் அடிபட்டுப் போகும். பேஸ் உண்மையிலேயே கேட்கவில்லை என்றால் என் வரிசையைப் பிடிவாதமாகப் பின்பற்ற வேண்டாம், டிரம்ஸிலிருந்து தொடங்குங்கள்.

ஐலர் குழுவைக் கேட்க இரண்டு பதிவுகள் அருகருகே கிடைக்கின்றன. 1964 ஜூன் 14 அன்று நியூயார்க்கின் செல்லார் கஃபேயில் நடந்த நிகழ்ச்சியைக் கவிஞர் பால் ஹெயின்ஸ் ஒலிநாடாவில் பிடித்தார். அது 'ப்ராஃபெசி' என்ற பெயரில் 1970களில் வெளிவந்தது. அதே மூவர் 26 நாள் கழித்து, ஜூலை 10 அன்று, ஸ்டுடியோவில் 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள். 'கோஸ்ட்ஸ்' என்ற மெட்டு இரண்டிலும் உண்டு, இரண்டிலும் இருமுறை. முதலில் ஸ்டுடியோப் பதிவைக் கேட்டு மெட்டையும் மூவரின் இடத்தையும் மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகு மேடைப் பதிவுக்குப் போவதே நல்லது. நாள்கணக்குக்கு இது தலைகீழ் வரிசைதான், ஆனால் காதுக்கு இது எளிது.

மூவர் என்றால் சாக்ஸபோன், பேஸ், டிரம்ஸ் என்றே இருக்க வேண்டியதில்லை. செசில் டெய்லர் 1962 நவம்பர் 23 அன்று கோபன்ஹேகனின் கஃபே மான்மார்ட்டரில் வாசித்த பதிவில் பெரும்பாலும் அவருடைய பியானோ, ஜிம்மி லயன்ஸின் ஆல்ட்டோ சாக்ஸபோன், மரேயின் டிரம்ஸ் ஆகியவையே இருக்கின்றன. பேஸ் இல்லாதபோது அதன் இடத்தைப் பியானோவின் இடது கையில் தேடுங்கள். சில இடங்களில் அது அங்கே இருக்கும், பல இடங்களில் யாருமே தரையாக நிற்க ஒப்புக்கொள்ளவில்லை என்பது தெரியவரும். தொடங்குபவர்களுக்கு இது உகந்ததல்ல.

சாம் ரிவர்ஸ், சிசில் மெக்பீ, நார்மன் கானர்ஸ் மூவரும் 1973 ஜூலை 6 அன்று சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ ஜாஸ் விழாவில் வாசித்த 'ஸ்ட்ரீம்ஸ்' கடைசியாகக் கேட்க வேண்டியது. ஏறத்தாழ 50 நிமிடம், ஒரே பாடல், முன்பே எழுதிய மெட்டு எதுவும் இல்லை. ரிவர்ஸ் டெனர் சாக்ஸபோன், புல்லாங்குழல், பியானோ, சொப்ரானோ சாக்ஸபோன் என்று கருவிகளை மாற்றிக்கொண்டே போகிறார். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும் என்பதால் இதை இரண்டாக வெட்ட வேண்டியிருந்தது. இன்று இடைவெளி இல்லாமல் ஒரே மூச்சில் கேட்க முடிகிறது, அப்படியே கேளுங்கள். முதல் முறை நேரக் குறிப்பெடுத்தது போலவே இங்கும் ஒரு தாளை வைத்துக்கொண்டு, எந்த நிமிடத்தில் எந்தக் கருவி வந்தது, அதற்கு முன் மெக்பீ என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதுங்கள். ஆல்பத்தின் அட்டையில் உள்ள குறிப்புகளை அதற்குப் பிறகு படித்து, உங்கள் தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.